பிசினுக்குள் ஒரு சாரி

முருங்கைப் பிசினில் கால் மாட்டிக்கொண்ட எறும்பைப் பார்க்காதவர் குறைவு. நல்ல மழை பெய்தால் அந்தப் பிசின் ஊறி இளகிவிடும். எறும்பும் போன இடம் தெரியாது. பால்டிக் கடலோரத்து ஊசியிலை மரங்கள் வடித்த பிசின் வேறு சாதி. மண்ணுக்கடியில் இறுகி அம்பரான அது, 3 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக எறும்பை மீசை மடங்காமல் வைத்திருக்கிறது.

வெறும் கண்ணுக்கு அது தேன்நிறக் கூழாங்கல்தான். அழகைத் திறந்துவிடுவது மெருகேற்றுபவரின் கை. வளைந்த பரப்பு வழியே பார்த்தால் எறும்பு கோணிக்கொண்டு தெரியும். அதனால் அதன் விலாவுக்கு இணையாக ஒரு தட்டை முகத்தை நீர் விட்டு மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். ஓர் இழுப்பு கூடினால் உணர்கொம்பின் நுனி போய்விடும். நன்றாக அமைந்த துண்டை லென்சின் கீழ் வைத்தால் கூட்டுக்கண்ணின் புள்ளிகளும் கால் முட்களும் எண்ணிவிடலாம்போல் நிற்கும். பல துண்டுகளில் உடலின் ஒரு பக்கம் பாலாடைபோல் வெண்படலம் பூத்திருக்கும். அருகில் ஓக் மரத்தின் நட்சத்திர மயிர்கள் மிதக்கும். படலத்தைக் குறை என்பவர்கள் உண்டு. ரசிகனுக்கு அது பால்டிக் சரக்கின் ஊர் முத்திரை.

அமெரிக்கரான வில்லியம் மார்ட்டன் வீலர் இப்படி ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எறும்புகளை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அவர் கண்ட துண்டுகளில் ஒன்றில் எறும்புகளும் அசுவினிகளும் ஒன்றாக அகப்பட்டிருந்தன. அவரைக் கொடியில் இன்றும் நடக்கிற அதே தேன்கறவை! இலை தைக்கும் முசுறின் உறவினரும் அந்த அம்பரில் உண்டு. ஐரோப்பாவில் இப்போது முசுறு இல்லை. நம் மாந்தோப்பில் ஏறினால் கடி நிச்சயம்.

ஆனால் மகுடம் இலங்கையில் இருக்கிறது. பால்டிக் அம்பரில் அனியூரெட்டினே என்ற துணைக்குடும்பத்துப் பேரினங்கள் கிடைத்துள்ளன. அக்கிளையில் இன்று உயிரோடிருப்பது ஒரே இனம், அனியூரெட்டஸ் சைமோனி. 1893-இல் எறும்பியலாளர் எமெரி அதற்குப் பெயர் வைத்தார். 1955-இல் எறும்பியலாளர் எட்வர்ட் வில்சன் கண்டியில் தேடி ஏமாந்து, இரத்தினபுரிக்கு அருகே கிலிமலைக் காட்டில் அதைப் பிடித்தார். சில மில்லிமீட்டர் நீளம், மஞ்சள் உடல், முதுகில் நீண்ட இரு முட்கள். மக்கிய மரத்துண்டைப் புரட்டினால் வெளிச்சம் பட்டதும் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு ஓடும்.