இரண்டு காதல், ஒரே பேனா

2012 நவம்பர் மாதத்துப் பத்திரிகைகளை மறுபடியும் எடுத்துவைத்துப் படிக்க வேண்டும். ஒரே வார இடைவெளியில் இரண்டு கொடுமைகள். நவம்பர் 7 அன்று தருமபுரிப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. நவம்பர் 14 இரவு எங்கள் காரைக்காலில், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குத் திரும்பக் கிளம்பிய வினோதினி மேல் ஆசிட் ஊற்றப்பட்டது. முதலாவதை ஒட்டி 'நாடகக் காதல்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. இரண்டாவதற்கு 'ஒருதலைக் காதல்' என்று பேர்.

யோசித்துப் பாருங்கள். இஷ்டப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்ட இளவரசனின் காதல் நாடகமாம். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் முகத்தைக் கருக்கியவன் செய்தது காதலாம்! சேரிப் பையனிடமிருந்து பிடுங்கிய சொல்லை எடுத்துக் குற்றவாளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதைத்தான் நடுநிலை என்கிறார்கள்.

'நாடகக் காதல்' பாமக நிறுவனர் ராமதாஸ் ஊர் ஊராகப் போய்ப் பேசிய சொல். பத்திரிகையில் அது மேற்கோள் குறிக்குள் வந்தவரை பேசியவரின் சொல். குறி உதிர்ந்ததும் பத்திரிகையின் சொல். அப்புறம் டீக்கடையின் சொல். எங்க தெருப் பையன் பஸ்ஸில் கூடப்படிக்கிற பிள்ளையோடு பேசினால்கூட அந்தச் சொல் அவன் மேல் வந்து உட்காருகிறது.

'ஒருதலைக் காதல்' வேறு வேலை செய்தது. "சும்மாவா ஊத்துவான், பொண்ணு என்ன பண்ணுச்சோ" என்கிற ஊர்வாய்க்கு அது இடம் கொடுத்தது. பார்வை போய் ஆஸ்பத்திரியில் கிடந்த பெண், தன் ஒழுக்கத்துக்கும் சேர்த்து சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. 2013 பிப்ரவரி 12 அன்று அவர் செத்துப்போனார்.

தருமபுரிப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். அதுதான் சங்கதி. அப்பா செத்து, ஊர் எரிந்து, இரண்டு பக்கமும் பழி சுமந்து நின்ற சின்னப் பெண் அவர். 2013 ஜூலை 3 அன்று சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தவரிடம் மைக்கை நீட்டினார்கள். இனி இளவரசனோடு வாழப்போவதில்லை என்று அவர் சொன்னது அன்றைக்கே செய்தியானது. மறுநாள் இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். அதற்கு மைக் காரணம் என்று நான் சொல்லவில்லை. யாருடைய பிடியில் நின்று அந்தப் பெண் பேசுகிறார் என்று கேட்காமல், அவர் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியதைத்தான் கேட்கிறேன்.

"நடந்ததை எழுதறோம், அவ்ளோதான்" என்பார்கள். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரை எரித்ததையும் 'கூலித் தகராறு' என்று எழுதினார்கள். கூலி கேட்டது உண்மை. தகராறு என்ற சொல்தான் பொய். இழிவு வரும் இடத்தில் சாதி அடையாளத்தைத் தவிர்க்க வேண்டும் என்று பிரஸ் கவுன்சிலே நெறி வகுத்திருக்கிறது. இந்தச் சொற்கள் அந்த நெறியையும் தாண்டிவிடும். சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியைச் சொல்லும்.

நம் முன்னோர் சொந்தப் பத்திரிகை நடத்தியது இதற்காகத்தான். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். ஆனால் நம் கை மட்டும் சுத்தமா?

பல வருஷத்துக்கு முன்னால், காரைக்கால் பக்கத்துக் கிராமத்தில் நடவு வேலை செய்யும் ஒரு அத்தையின் சாட்சியத்தை ஒரு சிறுபத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தேன். ஊரும் பேரும் அப்படியே போட்டேன். அதுதான் நேர்மை என்று நினைப்பு. அடுத்த நடவுக்கு அவரைக் கூப்பிடவில்லை. போய் நின்றேன். அத்தை திட்டவில்லை. "நீ எளுதிட்டுப் போயிட்ட தம்பி. நான் இங்கதான கெடக்கணும்" என்றார்.

பாமா 'கருக்கு' எழுதியபோது (1992) ஊரின் கோபத்தை அவரே ஏற்றார். அது தன் கதைக்குத் தான் கொடுத்த விலை. அத்தை கொடுத்தது என் கட்டுரைக்கான விலை. இரண்டும் ஒன்றல்ல.

அதனால் நாம் சாட்சியம் வாங்கப் போகும்போது, 'என்ன நடந்தது' என்பதோடு இன்னொன்றையும் கேட்போம்: "இது அச்சில் வந்தால் நாளைக்கு உனக்கு என்ன நடக்கும்?" வந்த பிறகு திரும்பவும் அந்தத் தெருவுக்குப் போவோம்.