வேடம் மட்டும் போதுமா?

தமிழ்ச் சங்க விழாக்களில் மாறுவேடப் போட்டி என்றால் எனக்கும் பிரியம்தான். அட்டை வாளோடு இராசராசன் வருவான். பின்னாலேயே ஓலையும் எழுத்தாணியும் பிடித்துத் திருவள்ளுவர் வருவார். நாமும் கைதட்டுகிறோம். ஆனால் அந்த வள்ளுவரிடம் "ஓலையில் எப்படி ஐயா எழுதுவது?" என்று கேட்டால் பிள்ளை திருதிருவென்று விழிக்கும். பிள்ளையை ஏன் சொல்ல வேண்டும்? சில வருஷம் முன்புவரை நானும் அப்படித்தான் விழித்திருப்பேன்.

சமண மரபில் நால்வகைத் தானம் உண்டு: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே என்னும் அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை 1000 படிகள் எழுதுவித்துத் தானம் செய்தார் என்பது வரலாறு. இதை எத்தனையோ பேரிடம் பெருமையாகப் பேசியிருக்கிறேன். கழக்கூட்டத்தில் கடையைச் சாத்திவிட்டு, பனையோலையை வேகவைத்து, உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து, நானே எழுத உட்கார்ந்த அன்றுதான் 1000 என்பது என்ன கணக்கு என்று கைக்குத் தெரிந்தது. புள்ளி வைத்த இடமெல்லாம் பொத்தல்! ஏட்டில் புள்ளி இராது என்று படித்தது வேறு, பட்டுத் தெரிந்தது வேறு. புள்ளி இல்லாவிட்டால் எகரமா ஏகாரமா என்று தெரியாது; காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டு அலைந்ததும், கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குப் போய்ப் பொருள் கேட்டதும் எதற்கென்று அன்றுதான் முழுசாகப் புரிந்தது. செய்து பார்ப்பதும் ஓர் ஆராய்ச்சிதான்.

அமெரிக்காவில் 1966-இல் கலிபோர்னியாவில் தோன்றிய 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம்' என்ற சங்கத்தார் இடைக்கால ஐரோப்பிய உடை உடுத்தி, அரசர் பட்டமும் சூட்டிக்கொள்கிறார்கள். இதுவும் மாறுவேடம்தானே என்று சிரிக்கலாம். ஆனால் அவர்கள் அதோடு நிற்பதில்லை. அக்காலத்து நெசவு, எழுத்துக்கலை, கொல்லுவேலை எல்லாம் பழகுகிறார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருகிறார்கள். விட்டுப்போன கைவேலை பலவற்றை அவர்கள் நூல்களிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கோ, செய்கிறவரே பக்கத்துத் தெருவில் இருக்கிறார்.

நம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கரின் வடிவமைப்பில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்டது தட்சிணசித்ரா. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி, கைவினைஞரையும் அமர்த்தியிருக்கிறார்கள். அரிய பணி. ஆனால் வீடு பெயர்ந்து வரும். தெரு பெயர்ந்து வராது. குயவர் சக்கரத்தில் பத்து நிமிஷம் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோமே, குறை நம்முடையது.

பெயராத தெருவைப் பார்க்க வேண்டுமா? பேருந்தேறி பாலராமபுரம் போங்கள். பாலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தென் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்கள் குடியேறிய ஊர். அவர்களும் நம்மைப் போலப் பிழைப்புக்காக எல்லை தாண்டியவர்களே. குழித்தறியில் கைநாடா எறிந்து நெய்யும் தொழில் அது. பாவைத் தெருவிலே நீட்டிக் கஞ்சி போட ஒற்றை ஆளால் ஆகாது. தெருவே கூட வேண்டும். கலை சமூகத்தில்தான் வாழும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வியாபாரியாக ஒன்று சொல்கிறேன். வாங்குவோர் இல்லாவிட்டால் எந்தக் கலையும் நிற்காது. கைத்தறிக்கு விலை அதிகம் என்று முணுமுணுக்கிறோம். ஒரு நாள் தறிக்குழியில் உட்கார்ந்து பார்த்தவர் பேரம் பேசமாட்டார்.

ஆகவே அடுத்த விழாவில் மாறுவேடம் இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வள்ளுவராக வரும் பிள்ளை மேடையில் தன் பெயரை மட்டுமாவது ஓலையில் எழுதிக் காட்டட்டும். அதற்கு ஒரு மாதம் முன்பே பழக்கிவிட நான் தயார். ஓலை கிழிந்தால் கிழியட்டும். கைக்குப் பழக்கம் வந்துவிடும்.