நெய்மீனுக்கு எந்தப் படகு?

ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போய் நெய்மீன் பிடிக்க எந்தப் படகு நல்லது என்று குமரிக் கடற்கரையில் கேட்டால் ஊருக்கு ஒரு பதில் வரும். குளச்சலில் சொல்வதை மணக்குடியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓர் எண்ணம் பொதுவாக இருக்கிறது: இந்த ஒரு தொழிலுக்கென்றே படகும் எஞ்சினும் வாங்கலாம், அது கட்டுப்படியாகும் என்பது. கட்டுப்படியாகாது என்பது என் கட்சி.

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் கட்டுப்படியாகிறது. 1966இல் அரசே கோஹோ சால்மன் குஞ்சுகளை அங்கே விட்டது. மறு ஆண்டு சினூக் வகையும் விடப்பட்டது. கோடையில் சால்மன் குளிர்ந்த நீர் தேடி ஆழத்துக்குப் போய்விடும். அந்த ஆழத்துக்கு இரையை இறக்க, 10 பவுண்டு எடையுள்ள ஈயக்குண்டைக் கம்பியில் தொங்கவிடும் ‘டவுன்ரிகர்’ என்ற கருவி வந்தது. மணிக்கு 2, 3 கடல் மைல் வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும் என்பதால் பெரிய எஞ்சினை அணைத்துவிட்டுச் சின்ன எஞ்சின் ஒன்றைத் தனியாக ஓட்டுகிறார்கள். எல்லாம் சரிதான். அங்கே மீன் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் எண்ணெய்ச் செலவைச் சம்பளத்திலிருந்து எடுக்கிறார்கள். இங்கே எண்ணெய்க்காசு நெய்மீன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

கட்டுமரத்திலிருந்து தொடங்குவோம். அதைப் பழம்பொருள் என்று தள்ளிவிடுவது சுலபம், தள்ளக்கூடாது. இந்த மாவட்டத்தில் பெரும்பாலான ஊர்களுக்குத் துறைமுகம் இல்லை. ஆனி ஆடியில் அலை கரையிலேயே முறிந்து விழும். அந்த அலையைத் தாண்டுவதுதான் அன்றைய முதல் வேலை, சில நாள் கடைசி வேலையும் அதுதான். கயிற்றால் கட்டிய மரங்களுக்குள் தண்ணீர் தேங்க இடமில்லை, புரண்டாலும் மூழ்காது, கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடலாம். பாய் விரித்து ஓடும்போது எஞ்சின் இரைச்சல் இல்லை, மீன் கலைவதில்லை. மிதமான காற்றில் அது போகிற வேகம் சாளையை இரையாகக் கோத்து இழுப்பதற்கு ஏறக்குறைய சரியான வேகம். தூண்டிலைப் பொறுத்தவரை இதைவிட நல்ல படகு வேண்டியதில்லை என்று சொல்லத் தோன்றும்.

சொல்ல விடாமல் இரண்டு விஷயங்கள் தடுக்கின்றன. வேகம் காற்றின் கையில் இருக்கிறது. காற்று விழுந்தால் இரை அடிக்குப் போய்க் கடலடிப் பாறையான பாரில் சிக்கும், தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு அறுந்து கம்பியும் கொக்கியும் போய்விடும். இரண்டாவது, ஐஸ் பெட்டி வைக்க இடம் கிடையாது. நெய்மீனுக்கு விலை அதன் புதுமையால் வருகிறது. காலை ஏழு மணிக்குப் பிடித்த மீனை நண்பகல் வெயிலில் நனைந்த சாக்கால் மூடிக் கொண்டுவந்தால், ஏலத்தில் கூறுபவர் செவுளைத் தூக்கிப் பார்த்த கணத்திலேயே விலை இறங்கிவிடும். கடலில் கட்டுமரம் வெல்கிறது, ஏலத்தில் தோற்கிறது.

மரம் கிடைப்பது அருகி விலை ஏறிய காலத்தில், 1980களில், முட்டத்துப் படகு கட்டும் மையத்தில் பிளைவுட் வள்ளம் வேரூன்றியது. பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். அந்தப் பட்டறிவை எழுதி 1985இல் நாகர்கோவிலிலிருந்து அவர் வெளியிட்ட நூல், சிறு படகுத் தொழில்நுட்பத்தை ஒரு கரையில் நிலைநாட்டுவது எவ்வளவு சிரமம் என்பதைத்தான் பேசுகிறது. தகடுகளை அளவுக்கு வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் ஃபைபர் துணியும் பிசினும் வைத்து இறுக்குகிற முறை அது. பலகைகளைக் கயிற்றால் தைத்த, கரைவலைக்குப் போகும் கரமடி வள்ளங்களைப் பார்த்த கரைக்குத் தையல் ஒன்றும் புதிதல்ல. படகு இலேசு, நாலு பேர் சேர்ந்தால் மணலில் ஏற்றிவிடலாம். ஐஸ் பெட்டிக்கு இடமுண்டு. குறையும் உண்டு: மணலில் உரசி மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் பிளைவுட் உள்ளேயே உளுத்துப்போகும். ஆண்டுதோறும் கவிழ்த்துப் போட்டுப் பூச வேண்டும்.

முழு ஃபைபர் படகுக்கு அந்த உளுப்பு இல்லை. இன்று கரையில் அதுதான் அதிகம். ஆனால் நல்ல ஃபைபரும் மோசமான ஃபைபரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; துணி எத்தனை அடுக்கு, பிசின் சரியாக ஊறியதா என்பது வெடிப்பு விட்ட பிறகுதான் தெரியும். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த படகுகளில் கணிசமானவை இப்படித்தான் பல்லிளித்தன. பிளைவுட்டில் குற்றம் கண்ணுக்குத் தெரியும். தட்டிப் பார்த்தால் காதுக்கும் கேட்கும். கடன் வாங்கிப் படகு எடுப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

தூத்தூர் பகுதி ஊர்களின் ஆழ்கடல் படகுகள் வேறு கணக்கு. லட்சத்தீவையும் தாண்டிப் போய்ச் சுறாவுக்கும் கேரைக்கும் நீளத் தூண்டில் விடுகிற அவற்றை இந்தத் தராசில் வைப்பது நியாயமில்லை.

உண்மையான தகராறு எஞ்சினில்தான். கூடுதல் குதிரைத்திறன் என்பது இப்போது கௌரவத்தோடு கலந்துவிட்டது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற படகில் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ 8 மடங்கு சக்தி வேண்டும். இழுக்கிற தூண்டிலுக்கோ வேகமே வேண்டாம். மெதுவாக ஓட்டினால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நெடுநேரம் தணித்து ஓட்டினால் மண்ணெண்ணெய் முழுதும் எரியாமல் பிளக்கில் கரி படியும். பிறகு நடுக்கடலில் பிளக்கைக் கழற்றி, துணியால் துடைத்து, மறுபடி கயிறு இழுக்க வேண்டும். எஞ்சின் பெரிதாக ஆக இந்தத் தொல்லையும் கூடும். எஞ்சினுக்கு என்று தனிப் பங்கு ஒதுக்குகிற வழக்கத்தில், பெரிய எஞ்சின் மீனைக் கூட்டாவிட்டாலும் ஆட்களின் பங்கைக் குறைத்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாள் முழுக்க எண்ணெய் எரித்துத் தூண்டில் இழுப்பது இங்கே தனித் தொழிலாக நிற்காது. பாரின் மேல் நங்கூரம் போட்டு அல்லது நீரோட்டத்தோடு மிதந்து கைத்தூண்டில் போடும்போது எஞ்சின் அணைந்திருக்கும். குமரிமுனைக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்கிற மீன்வளத் திட்டின் பக்கம் அந்த வேலைதான் வீட்டுக்கு அரிசி கொண்டுவரும். எனவே படகைக் கைத்தூண்டிலுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். துறைமுகம் இல்லாத ஊருக்கு என் தீர்ப்பு இது: ஃபைபர் உறையிட்ட பிளைவுட் வள்ளம், 10 குதிரைத்திறனுக்கு மேற்படாத ஓர் எஞ்சின், ஒரு ஐஸ் பெட்டி. மிச்சப் பணத்தில் ஜிபிஎஸ், வயர்லெஸ். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்துபோன மாவட்டத்தில் வயர்லெஸ்ஸை மிச்சப் பணத்துக்குத் தள்ளியதுகூடத் தவறு; அதை முதலில் வாங்கலாம்.

சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போலத் துறைமுகம் உள்ள இடங்களில் மணலும் அலையும் கணக்கில் வராது. அங்கே கனமான, தரம் தெரிந்த ஃபைபர் படகு எடுப்பவரோடு எனக்கு வழக்கில்லை. எஞ்சினைப் பற்றிச் சொன்னது மட்டும் அங்கேயும் பொருந்தும்.

இழுக்கும் தூண்டில் இரண்டு போதும். பாருக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் எப்படியும் எண்ணெய் எரிகிறது. அப்போது பின்னால் கிடக்கட்டும். நெய்மீன் பல்லுக்குத் தங்கூஸ் தாங்காது, கொக்கிக்கு மேலே ஒரு சாண் கம்பி வேண்டும். டவுன்ரிகர் வேண்டாம், நெய்மீன் பெரும்பாலும் மேல்நீரில் வந்து இரை எடுக்கும், அதற்கு ஈயக்குண்டை ஆழத்தில் இறக்கிப் பாரில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.