கணித ஆசிரியரின் முதல் மூன்று ஆண்டுகள்

உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படித்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைத் தொட முடியாமல் போன இலங்கை மாணவருக்கு இன்னொரு வழி உண்டு: தேசிய கல்வியியற் கல்லூரி. 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய இந்தக் கல்லூரிகள் இப்போது நாடெங்கும் 19 இருக்கின்றன. தமிழில் பயில்வோர் கோப்பாய், வவுனியா, தாழங்குடா, அட்டாளைச்சேனை ஆகிய இடங்களுக்கும், மலையகத்தில் பத்தனை ஸ்ரீபாத கல்லூரிக்கும் போகிறார்கள். இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பின்னத்தில் எங்கே சறுக்குகிறது, ஆய்வுகூடத்தில் நாற்பது பேரை எப்படிச் சமாளிப்பது என்பதையெல்லாம் நியமனக் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே அவர் பார்த்துவிடுகிறார்.

தமிழ்நாட்டில் முதலில் பட்டம், பிறகு பி.எட். ஓராண்டாக இருந்த பி.எட். 2015 முதல் இரண்டாண்டாயிற்று. இரண்டாம் ஆண்டில் குறைந்தது 16 வாரம் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. அந்த 16 வாரம் ஒழுங்காக நடந்தால் நல்லதுதான். ஆனால் தனியார் பயிற்சிக் கல்லூரிகளின் தரத்தை நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012இல் கடுமையாகக் குறை சொன்னது. பி.எட். முடித்தவருக்கு அடுத்து ஆசிரியர் தகுதித் தேர்வு. 2018இல் வந்த அரசாணை 149க்குப் பின், அதில் தேறினாலும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வை இன்னொரு முறை எழுத வேண்டும்.

இந்த இரட்டைத் தேர்வு தின்ற காலத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2012 ஜூலையில் நடந்த முதல் தகுதித் தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2013இல் தேறியும் வேலை கிடைக்காதவர்கள், பள்ளி, கல்லூரி மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரவரிசை போடும் வெயிட்டேஜ் முறையை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போராட்டப் பந்தலுக்கும் அலைந்தார்கள். பட்டதாரி ஆசிரியர்களுக்கான போட்டித் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். இருபதுகளில் தகுதி பெற்றவர் முப்பதுகளில் மறுபடி தேர்வறையில் உட்கார்ந்தார். கணிதமும் இயற்பியலும் நன்றாக வரும் இளைஞர் இத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? வங்கித் தேர்வும் மென்பொருள் நிறுவனமும் அவரை முன்பே அழைத்துக்கொள்கின்றன.

காலியிடம் மட்டும் காத்திருப்பதில்லை. 2022இல் தமிழக அரசு 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நியமிக்க முடிவு செய்தது. பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் அறிவித்த மாதத் தொகுப்பூதியம் 10,000 ரூபாய். கடல் கடந்தாலும் இதே கதைதான். மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது கொடுத்த மாதக் கொடுப்பனவு 6,000 இலங்கை ரூபாய். பிறகு அது 10,000 ஆயிற்று. பேருந்துக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் போனால் மிச்சம் என்ன? கணித, விஞ்ஞான ஆசிரியர் பஞ்சம் மிகக் கடுமையாக இருக்கும் இடத்துக்கே மிகக் குறைந்த ஊதியத்தில் ஆளை அனுப்புவது அநியாயம். இதில் இரண்டு அரசுகளுக்கும் வேறுபாடில்லை. 2020இல் இலங்கை அரசு வேலையற்ற பட்டதாரிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்துப் பலரைப் பாடசாலைகளுக்கு அனுப்பியது; அவர்களில் கலைப் பட்டதாரிகளே மிகுதி என்பதால் கணித அறையின் வெற்றிடம் அப்படியே இருந்தது.

வேலையில் சேர்ந்த பிறகு கைபிடித்து நடத்துவது யார்? இலங்கையில் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் பாடவாரியாக ஆசிரிய ஆலோசகர்கள் உண்டு. எண்ணிக்கை போதாது, தூரப் பாடசாலைக்கு அவர்கள் வருவதும் அரிது. ஆனாலும் வருபவர் அதே பாடம் கற்பித்தவர். தமிழ்நாட்டில் புதியவருக்குத் தகுதிகாண் பருவம் உண்டு, மூன்றாண்டுக்குள் இரண்டாண்டு. அதை முடிக்கச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மை பார்க்கிறார்கள். பாடம் நடத்தும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்த ஒருவரை நியமிப்பதில்லை. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநருக்குத் தொடக்கப் பள்ளித் திட்டங்களும் புள்ளிவிவரமுமே முழுநேர வேலை. அப்படி ஒருவரை நியமிப்பது இந்தியாவில் முடியாத காரியமும் அல்ல. தில்லி அரசு 2016இல் பணியில் இருந்த 200 ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஐந்தாறு பள்ளி என வழிகாட்டிகளாக அனுப்பியது.

ஆளைத் தக்கவைப்பதில் இலங்கைதான் அதிகம் இழந்திருக்கிறது. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் 2021 ஜூலையில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். போராட்டம் ஒக்டோபர் வரை நீண்டது. அடுத்த ஆண்டு பொருளாதாரம் சரிந்தது. 2022 ஜூனில், வெளிநாட்டு வேலைக்காக ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்க அரச ஊழியர்களுக்கு அரசே அனுமதி கொடுத்தது. நாட்டுக்குள்ளேயே இருப்பவரையும் மாலை நேர டியூட்டரி இழுக்கிறது. உயர்தரப் பௌதிகவியலுக்கு அங்கே கிடைக்கும் வருமானத்தோடு அரச சம்பளம் போட்டி போட முடியாது.

தமிழ்நாட்டில் நிரந்தர வேலையை விட்டுப் போகிறவர் குறைவு. பணியேற்ற ஊரை விட்டுத்தான் போகிறார்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை போன்ற வட மாவட்டங்களில் பணியேற்கும் தென் மாவட்டத்துக்காரர், மாறுதல் கலந்தாய்வில் வாய்ப்பு வந்ததும் ஊர் திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலியிடமும் முன்னுரிமையும் எல்லோரும் பார்க்கும்படி அந்தக் கலந்தாய்வு நடப்பது, இடமாற்றத்தில் அரசியல் கை இருப்பதாகப் புகார் ஓயாத இலங்கைக்கு நல்ல முன்மாதிரி. ஆனால் ஜவ்வாது மலைப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்பில் கணித ஆசிரியர் பாதியில் மாறினால் இழப்பு ஒன்றுதான்.

கட்டுறு பயிற்சியின் அந்த முழு ஆண்டைத் தமிழ்நாடு இலங்கையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய கணித, அறிவியல் ஆசிரியருக்கு முதல் ஆண்டு பாடவேளையைக் குறைத்து, அதே பாடத்தில் மூத்த ஒருவரைப் பொறுப்பாக்குவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அடுத்த நியமன ஆணையிலேயே அந்த மூத்த ஆசிரியரின் பெயரையும் பள்ளிக் கல்வித் துறை சேர்த்து அச்சிடட்டும்.