ஓர் ஆய்வும் அதன் எழுத்துவகைகளும்: அமிதவ் கோஷின் அடிமைத் தேடலை முன்வைத்து

ஆய்வின் பயனை எடுத்துரைப்பதற்கு ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரை என்னும் இரண்டு வடிவங்களே தக்கவை என்னும் எண்ணம் நம் பல்கலைக்கழகங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. இதற்கு மாறாக, ஒரு பொருள் பற்றிய ஆய்வைக் கடிதம், நாட்குறிப்பு, உரையாடல், கவிதை, செய்தியறிக்கை எனப் பல வகைகளில் எழுதி ஒரே தொகுதியாக்கும் முறை அமெரிக்கக் கல்வி நிலையங்களில் 1990களில் அறிமுகமாயிற்று. டாம் ரொமானோ 1995இலும் 2000இலும் வெளியிட்ட நூல்கள் இம்முறையைப் பரப்பின. இலங்கையிற் பிறந்த கனடிய எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி, பில்லி த கிட் என்னும் கொள்ளையனைப் பற்றி 1970இல் எழுதிய கலப்பு நூலே அவருக்குத் தூண்டுகோலாயிற்று. இதனை இக்கட்டுரை பல்வகை எழுத்தாய்வு என வழங்கும்.

தமிழ் மரபுக்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என எழுவகை கூறுமிடத்து, இலக்கணம் போன்ற நூலையும் விடுகதையாகிய பிசியையும் ஒரே வரிசையில் வைக்கிறது. வகைகளின் எல்லையைத் தெளிவாக அறிந்த மரபிலேயே அவற்றைக் கலந்தெழுதுவதும் பொருளுடையதாகும். ஆயினும் நம் முன்னுள்ள வினா வேறு. வகைகள் பலவாகும்போது ஆய்வுக்கு விளைவது யாது? ஒவ்வொரு வகையும் தனக்கேயுரிய சான்றைத் தாங்கி நிற்கிறதா, அன்றிச் சான்றில்லாத இடத்தை மறைக்கும் திரையாகிறதா? இவ்வினாவை மாணவர் பயிற்சித் தொகுதிகளைக் கொண்டு ஆராய்வதினும், முதிர்ந்த ஆய்வாளர் ஒருவரின் முயற்சியைக் கொண்டு ஆராய்வது பயன் தரும். அமிதவ் கோஷ் 1992இல் வெளியிட்ட ‘இன் ஆன் ஆண்டிக் லேண்ட்’ அதற்கு ஏற்ற நூல். அதே ஆய்வை அவர் வேறு வகைகளிலும் எழுதியிருப்பதால், வகை மாறும்போது பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதை அருகருகே வைத்துக் காண இயல்கிறது.

நான்கு எழுத்துகள்

பழைய கெய்ரோவிலுள்ள பென் எஸ்ரா யூதத் தொழுகைக் கூடத்தில், இறைவனின் பெயர் எழுதப்பட்டிருக்கலாம் என்பதால் அழிக்கப்படாத தாள்கள் ஓர் அறையில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து கிடந்தன. அவற்றின் பெரும்பகுதியை 1896–97இல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். இக்கெனிசாத் தாள்களைக் கொண்டு இந்தியப் பெருங்கடல் வணிகத்தை ஆராய்ந்தவர் எஸ். டி. கொய்தைன். 1973இல் அவர் வெளியிட்ட வணிகர் கடிதத் தொகுதியை 1978இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராயிருந்த கோஷ் காண நேர்ந்தது. துனிசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகர் 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்தவர். அவருக்கு ஏடன் நகர வணிகர் எழுதிய கடிதங்களில் இந்திய அடிமை ஒருவன் தலைகாட்டுகிறான். அவனைப் பற்றிய குறிப்புடைய எம்.எஸ். எச்.6 என்னும் எண்ணுடைய கடிதம் 1942இலேயே எருசலேமின் எபிரேய ஆய்விதழ் ஒன்றில் அச்சேறியிருந்தது. வரலாறு தன்னிடம் ஏறக்குறைய எதுவும் வைத்திராத இம்மனிதனே கோஷின் ஆய்வுப்பொருள்.

இத்தேடலோடு பிணைந்த எழுத்துகள் நான்கு. முதலாவது, 1982இல் ஆக்ஸ்ஃபோர்டில் அளிக்கப்பட்ட சமூக மானிடவியல் ஆய்வேடு; எகிப்தியச் சிற்றூர் ஒன்றின் உறவுமுறையும் பொருளியல் அமைப்பும் பற்றியது. இரண்டாவது, 1986இல் கிராண்டா இதழில் வந்த ‘இமாமும் இந்தியரும்’ என்னும் கட்டுரை. மூன்றாவது, அடிமையைப் பற்றி 1992இல் சபால்டர்ன் ஸ்டடீஸ் ஏழாம் தொகுதியில் வெளிவந்த ஆய்வுரை. நான்காவது, கள ஆய்வு நினைவு, பயண நூல், வரலாறு, துப்பறிதல் ஆகியவற்றை ஒன்றிணைத்த மேற்குறித்த நூல்.

கள ஆய்வாளர் கேட்கும் வினாக்களே மானிடவியல் ஆய்வேட்டில் தரவாகும். ஆய்வாளரை நோக்கி ஊரார் கேட்கும் வினாக்களுக்கு அதன் மரபில் இடமில்லை. நூலிலோ நிலை தலைகீழாகிறது. உங்கள் நாட்டில் மாட்டை வணங்குகிறார்களாமே, இறந்தோரை எரிக்கிறார்களாமே, விருத்தசேதனம் செய்வதில்லையாமே என்று ஊரார் கேட்டுக்கொண்டேயிருக்க, ஆய்வாளர் விடை சொல்ல வழியின்றித் திணறுகிறார். உறவுமுறை அட்டவணையில் இடம்பெற முடியாத இவ்வினாக்கள் ஒரு சமூகம் பிறரை எவ்வாறு அறிகிறது என்பதற்கு முதன்மைச் சான்றுகள். நினைவுக் குறிப்பு என்னும் வகை கிடைத்ததாலேயே இவை தரவாயின. இவ்விடத்தில் வகை மாற்றம் நடையழகு கருதியது என்று கூறிவிட முடியாது. ஆய்வுப்பொருளே அதனால் விரிகிறது.

இமாமுடன் நிகழும் வாக்குவாதம் மற்றொரு சான்று. யாருடைய நாட்டில் வலிய துப்பாக்கிகளும் குண்டுகளும் உள்ளன என இருவரும் தெருவில் நின்று பூசலிடுகின்றனர். 1986 கட்டுரையில் இது தனித்து நிற்கும் நிகழ்ச்சி. நகைப்பும் கசப்பும் கலந்தது. நூலில் இதே நிகழ்ச்சி, படைவலிமையின் துணையின்றி அரபியரும் யூதரும் குஜராத்தியரும் வணிகம் நடத்திய இந்தியப் பெருங்கடல் வரலாற்றுக்கு இடையே அமைகிறது. ஆகவே இரண்டு பழைய நாகரிகத்தார் தம்முள் பேசிக்கொள்ள ஆயுதத்தின் மொழி தவிர வேறு மொழி இல்லாதுபோன வீழ்ச்சியாக அது பொருள்படுகிறது. நிகழ்ச்சி மாறவில்லை, பக்கத்தில் வைக்கப்பட்ட வகை மாறியது. பல்வகை எழுத்தாய்வின் வலிமை இந்த இணைவைப்பிலேயே உள்ளது. அதன் இடரும் அங்கேயே உள்ளது. இணைவைப்பு ஒரு கருத்தை உணர்த்துகிறதேயன்றி நிறுவுவதில்லை. 1498க்கு முந்திய கடல் அத்துணை அமைதியானதா என்பது வரலாற்றாசிரியர் தனியே வாதிட வேண்டிய பொருள். நூலின் அமைப்பு அவ்வாதத்தைத் தேவையற்றதாகத் தோற்றுவிக்கிறது.

மூன்று மெய்யெழுத்துகள்

மொழியியலாருக்குச் சுவை மிக்க பகுதி அடிமையின் பெயர் பற்றியது. கடிதங்கள் யூத அரபியில், அதாவது எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபு மொழியில் அமைந்தவை. உயிரொலிகள் முழுமையாக எழுதப்படாத அவ்வெழுத்தில் பெயர் ப-ம-ஹ என்னும் மூன்று மெய்களாக மட்டுமே நிற்கிறது. கொய்தைன் இதனைப் பாமா என்று படித்துப் பிரம்மாவின் குறுக்கம் எனக் கொண்டார். கோஷ் மங்களூர் சென்று, துளு நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் பி. ஏ. விவேக ராய் அவர்களின் துணையுடன் பொம்மா எனப் படிக்கிறார். துளுநாட்டுப் பூத வழிபாட்டின் தலைமைத் தெய்வமாகிய பெர்மெரோடு அப்பெயரைத் தொடர்புபடுத்தி, அவன் துளுநாட்டின் தாய்வழிச் சமூகங்களுள் ஒன்றைச் சேர்ந்தவனாகலாம் எனக் கருதுகிறார்.

சபால்டர்ன் ஸ்டடீஸ் கட்டுரையில் இவ்வாராய்ச்சி கூற்று, மறுப்பு, அடிக்குறிப்பு என்னும் ஒழுங்கில் செல்கிறது; முடிவின் உறுதி எவ்வளவு என்பதைப் படிப்பவர் அளந்தறியலாம். நூலிலோ அது பயணி ஒருவரின் கண்டுபிடிப்பாகக் கதை வடிவம் பெறுகிறது. கதைக்குத் தீர்வு வேண்டும். ஆகவே நிகழ்தகவு தீர்வாகிவிடுகிறது. பிரம்ம என்னும் வடசொல்லின் தற்பவம் கன்னடத்தில் பொம்ம என வழங்குவது இலக்கணிகள் நன்கறிந்தது. பொம்மையா, பொம்மண்ணா முதலிய மக்கட்பெயர்கள் இன்றும் உள. எனவே ஒலியளவில் கொய்தைனின் கருத்தும் கோஷின் கருத்தும் நூல் காட்டும் அளவுக்கு எதிரெதிரானவை அல்ல. பொம்மா என்னும் வாசிப்பு பாமாவினும் சிறந்தது என்பதில் ஐயமில்லை. அதிலிருந்து வழிபாட்டுக்கும் சமூகத்துக்கும் தாவும் படி மட்டுமே மெலிந்தது. துப்பறி கதையின் விரைவில் அப்படி கண்ணுக்குத் தெரியாமற் போகிறது.

இதே மங்களூர்ப் பகுதியில் பயண நூல் வகை தன் தகுதியை நிறுவும் இடமும் உண்டு. கடலோடிய முஸ்லிம் ஒருவரின் ஆவி எனத் தொன்மம் கூறும் பொப்பரிய பூதத்தின் கோயிலுக்குக் கோஷ் செல்கிறார். மீனவர் வழிபட்ட அப்பூதம் வைதிகத் தெய்வ உருவுக்குள் ஒடுங்கிவருவதைக் காண்கிறார். ஆவணங்களில் இல்லாத, நேரிற் கண்டே அறியத்தக்க இச்செய்தி கட்டுரை வடிவில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கியிருக்கும்.

சான்றின் சமனின்மை

நூலின் இறுதியிலுள்ள விரிவான குறிப்புகள் பாராட்டத்தக்கவை. தாள்களின் நூலக எண்களும் முந்தைய வாசிப்புகளும் ஐயங்களும் அங்கு இடம்பெறுகின்றன. பென் யிஜு 1132 அக்டோபரில் ஆஷு என்னும் அடிமைப் பெண்ணை மங்களூரில் விடுவித்த ஆவணம் உண்டு. அவளே அவர் மனைவியானாள் என்பதும் அதன் பின்னணி காதல் என்பதும் ஊகம். வீரசைவ வசனகாரரும் சூபிகளும் இறைவனுக்கு ஆட்படுதலை அடிமை நிலையாகப் பாடிய மரபைக் கொண்டு பென் யிஜு, பொம்மா உறவை விளக்க முயல்வதும் ஊகமே. ஆசிரியர் ‘ஒருவேளை’ என்னும் சொல்லை விடாது பயன்படுத்துகிறார். ஆயினும் அத்தியாயத்தின் உணர்ச்சியோட்டம் அச்சொல்லை அடித்துச் சென்றுவிடுகிறது. குறிப்புகளே படிப்பவரை மீண்டும் தரையில் நிறுத்துகின்றன.

ஆனால் இக்குறிப்புகள் பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டுப் பகுதிக்கே உரியவை. 20ஆம் நூற்றாண்டு எகிப்தியச் சிற்றூரார் பேசும் பக்கக்கணக்கான உரையாடல்களுக்கு அவ்வகை ஆதாரம் காட்டப்படவில்லை. எது களக்குறிப்பேட்டில் அன்றே எழுதியது, எது பின்னர் நினைவிலிருந்து அமைத்தது என அறிய வழியில்லை. இறந்துபோன வணிகனின் சொல்லுக்கு நூலக எண் உண்டு. உயிரோடிருக்கும் உழவனின் சொல்லுக்கு எழுத்தாளர் மீதுள்ள நம்பிக்கை மட்டுமே துணை. விளிம்புநிலை மனிதனை வரலாற்றுக்குள் கொணர எழுந்த ஒரு நூலில் இச்சமனின்மை சிறு குறையன்று. களத்தில் ஒலிப்பதிவு செய்து பழகிய நம் மொழியியலார் இதனை எளிதில் உணர்வர்.

தமிழில் இதனோடு ஒப்பிடத்தக்கது உ. வே. சாமிநாதையரின் எழுத்து. சீவக சிந்தாமணிக்காக அவர் நிகழ்த்திய சுவடித் தேடலின் பயனை 1887 பதிப்பிற் காணலாம். அத்தேடலின் கதையை 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் சரித்திரம்’ கூறுகிறது. இரண்டும் ஒரே ஆய்வின் இரு வகைகள். ஆனால் தனித்தனி நூல்களில் நிற்கின்றன. ஆகவே ஒன்றை மற்றொன்றால் சோதிக்கலாம். கோஷின் நூலுக்கு இச்சோதனைக் கருவியாக அமைவது அவருடைய 1992 கட்டுரை. நூலைப் பாடமாக வைப்போர் கட்டுரையையும் உடன் வைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது. பல்வகை எழுத்தாய்வை மாணவர்க்குப் பயிற்றுவிக்க விரும்புவோர் இவ்விரண்டையும் சேர்த்தே பயிற்ற வேண்டும். தொகுதியின் பிற உறுப்புகள் எங்கெங்கே சான்றைக் கடந்து செல்கின்றன எனக் காட்டவல்ல கட்டுரை ஒன்று தொகுதிக்குள்ளேயே இருத்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

அரபு தமிழைப் போன்றே இருவழக்கு மொழி. சிற்றூரில் தாம் கற்ற பேச்சு அரபு, இடைக்கால வணிகரின் யூத அரபியைப் படிக்கத் தமக்குப் பெரிதும் உதவியதெனக் கோஷ் எழுதுகிறார். நூலின் இரு இழைகளையும் பிணைக்கும் மெய்யான முடிச்சு இதுவே என்பது என் கருத்து. ஒப்புமை, உணர்ச்சி ஆகியவற்றால் அமைந்த பிற முடிச்சுகளினும் இது வலியது. ஆனால் ஆங்கில நூலில் ஊராரின் பேச்சும் வணிகரின் கடிதமும் ஏறக்குறைய ஒரே சீரான நடையில் வருவதால், படிப்பவர் இவ்வுறவைச் செய்தியாக அறிகிறாரேயன்றிச் செவியால் உணர்வதில்லை.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விடத்தில் மூல நூலுக்கு இல்லாத வாய்ப்பு உண்டு. ஊராரின் உரையாடலைப் பேச்சுத்தமிழில் அமைத்து, கடிதங்களை எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விரவிய நடையில் அமைக்கலாம். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பின் நடை அதற்கு நெருங்கிய முன்மாதிரி. வட்டாரம் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் எகிப்திய உழவர் தஞ்சை உழவராகத் தோன்றிவிடும் இடர் உண்டு என்பதையும் மறுக்க இயலாது. ஆகவே வட்டார அடையாளம் குறைந்த பேச்சு நடையே தக்கது. அடிமையின் பெயரை எழுதுவதிலும் ஒரு முடிவு செய்தாக வேண்டும். பொம்மன் என எழுதினால் கட்டபொம்மனை அறிந்த வாசகருக்கு அது உடனே தென்னாட்டுப் பெயராக ஒலிக்கும். கோஷ் நெடுந்தொலைவு நடந்து கண்டடைந்த முடிவு முதற்பக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும். மங்களூர்ப் பகுதி வரும்வரை ‘எச்.6 கடிதத்தின் அடிமை’ என்றே குறித்து, பெயராய்வு நிகழும் இடத்தில் மூன்று மெய்யெழுத்துகளையும் முதலில் தனித்தனியே எழுதிக் காட்டுதல் நன்று.