பூட்டிய ஆய்வுக்கூடமும் மெய்நிகர்க் கண்ணாடியும்

பழைய புத்தகக் கட்டு ஒன்றைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுக்கலாமென்று பக்கத்து ஒன்றியத்தில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். போன நேரம், வளாகத்தில் ஒரு தனியார் கம்பெனியின் வேன் நின்றுகொண்டிருந்தது. ‘மெய்நிகர் கல்வி’யை அறிமுகப்படுத்த வந்திருந்தார்கள். 8 கண்ணாடிகள், ஒன்பதாம் வகுப்பில் 64 பிள்ளைகள், ஆளுக்கு 4 நிமிடம். முகத்தில் மாட்டிக்கொண்டால் ஆழ்கடல். ஒரு சிறுமி இரண்டு கைகளையும் நீட்டிக் காற்றைத் துழாவியபடி, ‘மீனு என் கைக்குள்ள பூந்து போவுதுடீ’ என்று கத்தினாள். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பிள்ளைகள் முகத்திலிருந்த பரவசத்தைப் பார்த்து எனக்கே வரிசையில் போய் நிற்க ஆசை வந்தது.

மூன்றாவது சுற்றில் ஒரு பையன் கண்ணாடியைக் கையில் வாங்கினான். முகத்தில் பதியும் பஞ்சு, முன்னால் போட்டவனின் வியர்வையில் நனைந்திருந்தது. ‘இத யாரு போட்டிருந்தா?’ என்று கேட்டான். சொன்னார்கள். மேசைமேல் வைத்துவிட்டு, ‘கண்ணு வலிக்கும் சார், எனக்கு வேணாம்’ என்றான். கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் நகரத்துக்காரர். சுத்தம் பற்றிய கூச்சம் என்று நினைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் நன்றாகத் துடைத்து மீண்டும் நீட்டினார். பையன் அசையவில்லை. அவருக்குப் புரியாதது ஆசிரியருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை அவர். வரிசையில் நின்றவர்களில் பத்துப் பேரைப் பார்த்து, ‘நீங்க கடைசில வாங்கப்பா’ என்றார், அவ்வளவுதான். பத்துப் பேரும் எந்தத் தெருவிலிருந்து வருபவர்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஊரின் வாயிலிருந்தும் வரிசையிலிருந்தும் அது இன்னும் நீங்கவில்லை.

கருவிக்குள் சாதியில்லை, பாலில்லை, ஊரில்லை, அங்கே எல்லோரும் வெறும் பார்வைகளே என்பதுதான் மெய்நிகர்க் கல்வி பற்றிய சொல்லாடலின் முதல் வாக்குறுதி. அந்த ஆழ்கடலில் சாதி இல்லைதான். பஞ்சில் இருந்தது. ‘உடலற்ற கல்வி’ என்று கொண்டாடப்படுவது ஓர் உடலின் முகத்தில், இன்னோர் உடலின் வியர்வையோடு, ஒரு வரிசையின் அதிகாரத்துக்குள்தான் வந்து பொருந்துகிறது என்ற எளிய விஷயத்தை மறைத்துவிட்டு நடக்கும் எந்த விவாதமும் பயனற்றது.

*

நம்மிடையே இவ்விஷயம் இரண்டு விதமாகவே பேசப்படுகிறது. ஒரு சாராருக்குத் தொழில்நுட்பம் என்றாலே விடுதலை. ஆசிரியர் பற்றாக்குறை முதல் ஆங்கில அச்சம் வரை எல்லாவற்றுக்கும் ஒரு திரை போதும். மறுசாராரான நம் தோழர்களுக்கோ எல்லாம் பன்னாட்டு மூலதனத்தின் சூழ்ச்சி. இடையில் பொத்ரியாரை மேற்கோள் காட்டத் துடிக்கும் நண்பர்கள் சிலர் உண்டு: ‘உண்மை என்று எதுவுமில்லை, நகல்களே உள்ளன, பிறகு எதற்கு ஒப்பாரி?’ ஆய்வுக்கூடத்தின் உள்ளே ஒருபோதும் விடப்படாத ஒரு மாணவியிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். மெய்யா பொய்யா என்பது இங்கே நம் கேள்வியல்ல. எதற்குப் பதிலாக இந்த நகல் வருகிறது, யாருக்கு இது போதும் என்று முடிவு செய்யப்படுகிறது, அந்த முடிவை எடுப்பவர் யார் என்பவையே நம் கேள்விகள்.

‘மெய்நிகர் யதார்த்தம்’ என்ற தொடரைப் பிரெஞ்சு நாடகக்காரர் ஆர்த்தோ 1938இல் வெளிவந்த ‘அரங்கும் அதன் இரட்டையும்’ நூலில் அரங்கைக் குறிக்கக் கையாண்டிருக்கிறார். கணினிக்காரர்கள் அச்சொல்லைப் பரவலாக்கியது 1980களில்தான். ஆனால் கருவியின் வரலாறு வேறு. 1929இல் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் தரையிலேயே நின்று சாய்ந்து சுழலும் மாதிரி விமானம் ஒன்றைச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் பெருந்தொகையான விமானிகள் அதில்தான் பழகினார்கள். 1968இல் ஐவன் சதர்லேண்ட் கூரையிலிருந்து தொங்கும் கனத்த தலைக்கருவியை உருவாக்கினார். இவ்வரலாற்றில் ஒன்று கவனிக்கத்தக்கது. மாதிரி விமானத்தில் பழகியவன் அடுத்துப் போய் ஏறியது நிஜ விமானத்தில். நகலுக்குப் பின்னால் அசல் காத்திருந்தது. ராணுவம் தன் ஆட்களுக்கு அளித்த இந்த மரியாதையைக் கல்வித்துறை நம் பிள்ளைகளுக்கு அளிக்கிறதா?

என் கதையைச் சொல்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவன் நான் என்றாலும் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு. எங்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வுக்கூடம் இருந்தது. அதற்கு ஒரு பூட்டும் இருந்தது. சாமான் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் அது இரண்டு வருடமும் பூட்டியே கிடந்தது. ஆனால் செய்முறைப் பதிவேடு மட்டும் எல்லோரிடமும் உண்டு. பொட்டாசியம் குரோமேட் கரைசலைச் சேர்த்தால் மஞ்சள் நிற வீழ்படிவு, ஆகவே காரீயம் உள்ளது. சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போட்டு, அண்ணன்மார்களின் நோட்டைப் பார்த்து, மஞ்சளைக் கண்ணால் காணாமலே ‘காண்பன’ பகுதியில் மஞ்சள் என்று எழுதினேன். பொதுத்தேர்வுக்குப் பத்து நாள் முன்பு அறையைத் திறந்தார்கள். யாருக்கு எந்த உப்பு என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. 50க்கு 48 போட்டார்கள்.

அதாவது, கண்ணாடி வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்களுக்கு ஒரு மெய்நிகர் ஆய்வுக்கூடம் இருந்தது. கோடு போட்ட நோட்டுதான் அது. ‘காணுதல்’ என்ற சொல்லையே பொய்யாக்கி, கண்டதாக எழுதுவதைக் கல்வி என்று பழக்கிய நோட்டு. ஃப்ரெய்ரே வங்கிமுறைக் கல்வி பற்றிச் சொன்னார்; எங்கள் வங்கியில் போடப்பட்ட பணமே கள்ளப்பணம். எனவே ‘மெய்நிகர் வந்து மெய்யான கல்வியைக் கெடுத்துவிட்டது’ என்று புலம்ப என்னால் முடியாது. எந்த மெய்?

*

இந்த இடத்தில்தான் அரசு உள்ளே வருகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, எல்லா மாணவருக்கும் செய்முறை அனுபவம் சமமாகக் கிடைக்க மெய்நிகர் ஆய்வுக்கூடங்களை உருவாக்கச் சொல்கிறது. 2022–23 மத்திய நிதிநிலை அறிக்கை, அறிவியலுக்கும் கணிதத்துக்குமாக 750 மெய்நிகர் ஆய்வுக்கூடங்களை அறிவித்தது. ‘சமமாக’ என்ற சொல்லைக் கூர்ந்து வாசிக்க வேண்டும். கட்டணம் கட்டிப் படிக்கும் பெரிய பள்ளியில் ஆய்வுக்கூடமும் இருக்கும், கண்ணாடியும் இருக்கும். அங்கே கண்ணாடி ஒரு கூடுதல். இங்கே பூட்டிய அறைக்குப் பதிலாக வருவதால் அது ஒரு மாற்று. ஒரே கருவிதான், ஒரே மென்பொருள்தான், ஆனால் இரண்டு வேறு பொருள்கள். உதவியாளர் பணியிடத்தை நிரப்பாமல், தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யாமல், அமிலம் வாங்காமல் ஒரு பள்ளி ‘ஆய்வுக்கூட வசதி உள்ளது’ என்று எழுதிக்கொள்ளும் கட்டத்தை இது தயாரித்துத் தருகிறது. ‘காண்பன: மஞ்சள்’ என்று நான் எழுதியதை இனி அரசே எழுதும்.

நன்மைகளே இல்லையா? உண்டு. கையால் செய்தால் உயிர் போகக்கூடியவை, செய்யவே முடியாதவை, கட்டுப்படியாகாதவை – அணு உலைக்குள் போவது, ரத்தக் குழாய்க்குள் நடப்பது, எரிமலை வாயில் எட்டிப் பார்ப்பது – இவற்றுக்கு நகல் தேவைதான். சுற்றுலாவுக்கு ‘பொம்பளப் புள்ளைய எங்க அனுப்புறது’ என்று நிறுத்தப்படும் பெண்ணுக்கும், சக்கர நாற்காலி ஏறாத அருங்காட்சியகப் படிகளுக்குக் கீழே நிற்கும் பையனுக்கும் அந்த 4 நிமிடம் அற்பமானதல்ல. மருத்துவ மாணவர்கள் உடற்கூறு படிக்க உடல்கள் போதாமல் இருக்கும் நிலையில் திரையில் விரியும் மனித உடல் பெரிய உதவி. ஆனால் அந்த உடல் யாருடையது என்று விசாரித்தால் நம் வாதம் வேறு பக்கம் திரும்பும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994இல் வெளியிட்ட முதல் ‘காணத்தகு மனித’ உடல், டெக்சாஸில் 1993இல் விஷ ஊசியால் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 39 வயதுக் கைதியினுடையது. உடலை உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் 1800க்கும் மேற்பட்ட அடுக்குகளாகச் சீவிப் படமெடுத்தார்கள். தண்டனையும் மருத்துவமும் அறிவும் ஒரே மேசைமேல் சந்திப்பதற்கு ஃபூக்கோவே இதைவிடக் கச்சிதமான உதாரணம் தேடியிருக்க முடியாது. நகலுக்குள் எப்போதும் யாரோ ஒருவர் படுத்திருக்கிறார்.

கற்றல் கூடுகிறதா என்பதும் அவ்வளவு தெளிவானதல்ல. மக்ரான்ஸ்கி, மேயர் முதலானோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 52 பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரே அறிவியல் ஆய்வுக்கூடப் பாடத்தைக் கணினித் திரையிலும் தலைக்கருவியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். தலைக்கருவியில் ‘அங்கேயே இருக்கும்’ உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. மீன் கைக்குள் புகுந்து போன சிறுமியிடம் அந்த மீனுக்கு ஏன் செதில் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, 4 நிமிடம் முடிந்துவிட்டது. பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியான அறிக்கையும், கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி கூடியதற்குத் தடயமில்லை என்றே சொன்னது. 2011இல் இங்கே தொடங்கிய இலவச மடிக்கணினியை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். பையன்கள் அதில் படம் பார்த்தார்கள் என்று கேலி பேசினார்கள் நடுத்தர வர்க்கத்தார். பார்க்கட்டுமே! அது அவர்கள் வீட்டில் இருந்தது, அவர்கள் சொத்து, நினைத்தபோது திறக்கலாம். வேனில் வந்து வேனில் போகும் கண்ணாடிக்கு அந்தக் குணம் இல்லை. கூகுள் 2015இல் பள்ளிகளுக்கென்று தொடங்கிய ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ மெய்நிகர்ச் சுற்றுலாவை 2021இல் மூடிவிட்டது. எந்தப் பள்ளியைக் கேட்டு மூடியது?

*

ஏகலைவன் கதையை நாம் கட்டைவிரலிலிருந்தே வாசித்துப் பழகிவிட்டோம். கொஞ்சம் முன்னால் போய் வாசிக்கலாம். துரோணன் கற்பிக்க மறுத்தபின் அவன் மண்ணால் ஒரு துரோணனைச் செய்து வைத்துக்கொண்டு கற்றான். மெய்நிகர் குரு! கல்வி மறுக்கப்பட்டவன் நகலைக் கொண்டு கற்க முடியும், அசலிடம் கற்றவனைவிட நன்றாகவே கற்க முடியும் என்பதற்கு அக்கதையே சாட்சி. எனவே நகல் தாழ்ந்தது என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. ஆனால் அந்த மண் பொம்மையைச் செய்தவன் ஏகலைவன். அது அவனைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை, துரோணனிடம் போய்ச் சொல்லவில்லை.

இன்றைய பொம்மை குறிப்பெடுக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்பியது, கை எவ்வளவு உயர்ந்தது என்பதெல்லாம் நொடிக்கு நொடி பதிவாகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல், 511 பேரில் ஒருவரை அவருடைய அசைவுப் பதிவை மட்டும் கொண்டு 95 சதவீதத் துல்லியத்தோடு அடையாளம் காண முடிந்ததாகக் காட்டினார்கள். ஆளுக்கு 5 நிமிடத்துக்கும் குறைவான பதிவே அதற்குப் போதுமானதாக இருந்தது. பெயர் வேண்டாம், ரேகை வேண்டாம். மெட்டா நிறுவனம் தன் கருவிக்கான குறைந்தபட்ச வயதை 2023இல் 13லிருந்து 10ஆகக் குறைத்தது. அந்த வேனில் வந்தவர்களிடம், ‘புள்ளைங்க அசைவெல்லாம் எங்க போகுது தம்பி?’ என்று கேட்டேன். ‘அதெல்லாம் சர்வர்ல இருக்கும் சார்’ என்றார் பணிவாக. சர்வர் எங்கே, எவ்வளவு காலம், பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினீர்களா என்று அடுத்தடுத்துக் கேட்டபோது தலைமையாசிரியர் டீ வந்துவிட்டதென்று அழைத்தார்.

வேன் போன பிறகு அறிவியல் ஆசிரியையிடம் பேசிக்கொண்டிருந்தேன். குற்றம் சொல்லப் போன என்னை அவர் முந்திக்கொண்டார். ‘நாலு பிரிவுக்கு நான் ஒருத்தி. லேப் அசிஸ்டென்ட் இல்ல. ஆசிட் பட்டுச்சுன்னா நாந்தான் பதில் சொல்லணும். நீங்க கண்ணாடிய வேணாம்னு எழுதுவீங்க, அப்புறம்?’ அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கண்ணாடி வேண்டாம் என்று எழுத நானும் உட்காரவில்லை. அந்தக் கண்ணாடியில் அமிலச் சோதனையை முதலில் பார்த்துப் பயம் தெளிந்து, மறுநாள் அதே பிள்ளைகள் அறைக்குள் போய்ச் சோதனைக்குழாயைக் கையில் பிடிக்க முடியுமென்றால், அது லிங்க்கின் மாதிரி விமானம் போல உபயோகமான பொருள்தான். மறுநாள் என்று ஒன்று இருக்க வேண்டும்.

அறையைக் காட்டச் சொன்னேன். சாவி கிடைக்கவில்லை, எழுத்தரிடம் இருக்கும் என்றார்கள், அவர் விடுப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு மேசை, நாலைந்து பியூரெட், மூலையில் தேர்தலுக்குப் பயன்பட்ட தட்டிகள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இருவரிடம் இதைச் சொன்னேன். ஒருவர் வரிசையில் கடைசிக்குப் போன பையன்களில் ஒருவனின் தாய். அறை வருடத்தில் எத்தனை நாள் திறந்தது, எந்த வகுப்பில் யார் யார் உள்ளே போனார்கள் என்று பதிவேட்டைக் கேட்கப் போவதாகச் சொன்னார். கண்ணாடி யார் முகத்துக்கு எந்த வரிசையில் போனது என்பதையும் கேட்பாராம். அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.