எட்டு எண்களும் ஒரு சாமுராயும்: எல்டன் ரிங்கில் பில்ட் போட்ட கதை

விகர் 20, மைண்ட் 18, எண்டியூரன்ஸ் 20, ஸ்ட்ரென்த் 20, டெக்ஸ்டெரிட்டி 22, இன்டெலிஜென்ஸ் 20, ஃபெய்த் 11, ஆர்கேன் 8. எல்டன் ரிங்கில் 60-ஆவது லெவலைத் தொட்டபோது என் சாமுராயின் நிலவரம் இதுதான். எல்லாப் பாடத்திலும் பாஸ் வாங்கிய பையனின் மார்க் ஷீட் மாதிரி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு எவன் வந்தாலும் இரண்டே அடியில் பையன் படுத்துவிட்டான்.

இதைவிடக் கொடுமை, பையில் இருந்த சரக்கு. கேல் சுரங்கத்தில் மாக்மா விர்மோடு மல்லுக்கட்டி வாங்கிய மூன்வெயில் கத்தி இருந்தது. அதைச் சரியாகப் பிடிக்க இன்டெலிஜென்ஸ் 23 வேண்டும், என்னிடம் 20. ஹீல் என்ற குணப்படுத்தும் மந்திரத்துக்கு ஃபெய்த் 12 வேண்டும், என்னிடம் 11. சிவப்புப் பெருக்கல் குறி போட்ட அந்தக் கத்தியின் படத்தை எத்தனை முறை வெறித்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

சித்தப்பா மகனுக்கு போன் போட்டேன். அவன் இந்த விளையாட்டை மூன்று முறை முடித்தவன்.

"அண்ணே, விகர் எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"இருபது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தான். "மொதல்ல அவனுக்குச் சோறு போடுங்கண்ணே. கத்தி எல்லாம் அப்புறம் வாங்கிக் கொடுக்கலாம்."

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் ஹிடெடகா மியாசாகி இயக்கத்தில் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஆக்‌ஷன் ஆர்பிஜி இது. கதைக்குப் பின்னால் இருக்கும் புராணத்தை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸில் சிறந்த விளையாட்டு விருதும் வாங்கியது. நிலப்பரப்பு, இசை, அந்தத் தங்க மரம் எல்லாவற்றையும் பலர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் பார்க்கப்போவது லெவல் ஏற்றும் அந்த ஒரே ஒரு திரையை.

எதிரியைக் கொன்றால் ரூன் கிடைக்கும். காசும் அதுதான், லெவல் ஏற்றுவதும் அதை வைத்துத்தான். ஒரு லெவலுக்கு ஒரே ஒரு புள்ளி. எட்டு குணங்களில் எதில் வேண்டுமானாலும் போடலாம். அடுத்த லெவலுக்கு விலை ஏறும். எட்டையும் 99 ஆக்கினால் 713-ஆவது லெவல். அந்தப் பக்கம் போகிறவர்கள் மிகக் குறைவு. நூறு, நூற்றைம்பதிலேயே கதை முடிந்துவிடும். ஆகவே கையில் இருப்பது அளந்து கொடுத்த ரேஷன். 100-ஆவது லெவலில் எட்டு எண்களையும் கூட்டினால் 179 வரும், யாருக்கும் எந்தத் தொடக்க வகுப்புக்கும் இதே கணக்கு. எதில் போடுவது என்பதைவிட எதில் போடாமல் கையைக் கட்டிக்கொள்வது என்பதில்தான் பில்ட் என்ற புள்ளிப் பங்கீடு இருக்கிறது.

விகர் என்பது உயிர்ப் பட்டையின் நீளம். தொடக்கத்தில் அதில் புள்ளி போட யாருக்கும் மனம் வராது. வாள் வீச்சு கூடுவது கண்ணுக்குத் தெரியும், பட்டை அரை விரல் நீள்வது தெரியாது. ஆனால் எண்களை எடுத்து வைத்துப் பாருங்கள். விகர் 25-இல் உயிர் 800. 40-இல் 1450. அதாவது இடையிலுள்ள பதினைந்து புள்ளிகளில் ஒவ்வொன்றும் சராசரியாக 43 கொடுக்கிறது. 40-இலிருந்து 60 வரை போனால் 1900, புள்ளிக்கு 22 அல்லது 23. அதற்குமேல் 99 வரை 39 புள்ளிகளைக் கொட்டினாலும் கிடைப்பது வெறும் 200 தான். இப்படி வரத்து சுருங்கும் இடத்தைத்தான் ஆடுகிறவர்கள் சாஃப்ட் கேப் என்கிறார்கள். நான் 20-இல் நின்றேன். அதாவது மேடு ஏறத் தொடங்கும் இடத்துக்கு முன்பே, சத்திரத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஸ்ட்ரென்த், டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ், ஃபெய்த், ஆர்கேன் ஐந்தும் தாக்கும் குணங்கள். இவை இரண்டு வேலை செய்கின்றன. முதல் வேலை சாவி: ஆயுதம் கேட்கும் எண் இல்லையென்றால் அது கையில் சுமைதான். இரண்டாவது வேலை வட்டி: கேட்ட எண்ணுக்கு மேல் போகப் போக, ஆயுதத்தின் ஸ்கேலிங் எழுத்தைப் பொறுத்து சேதம் கூடும். எஸ் மேலே, ஈ கீழே. இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். எழுத்துக்குப் பின்னால் ஒரு எண் ஒளிந்திருக்கிறது, திரை அதைக் காட்டுவதில்லை. ஒரே பி எழுத்து போட்ட இரண்டு வாள்களில் ஒன்று கூடுதலாகவும் ஒன்று குறைவாகவும் வட்டி தரலாம். தாள் எடுத்துக் குறித்து, மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய விளையாட்டு, கணக்கை மட்டும் முந்தானைக்குள் மறைப்பானேன்?

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். மைண்ட் மந்திரத்துக்கான எரிபொருள். எண்டியூரன்ஸ் மூச்சும் முதுகும்: எவ்வளவு நேரம் வாள் சுழற்றலாம், எவ்வளவு எடை தாங்கலாம் என்பது. சுமக்கக்கூடிய எடையில் 70 சதவீதத்தைத் தாண்டினால் உருண்டு தப்புவது அரிசி மூட்டை உருள்வதுபோல் ஆகிவிடும். இந்த எல்லையை மதிக்காமல் அழகுக்காகக் கவசம் மாட்டிச் செத்தவர்களில் நானும் ஒருவன். ஆர்கேன் பொருள் கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டும், ரத்தம் கசியவைக்கும் சில ஆயுதங்களுக்கு உரம் போடும்.

லெவலைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, அது இந்தத் திரையிலேயே இல்லை. ஆயுதத்தைப் பட்டை தீட்டுவது. சாதாரண ஆயுதம் ஸ்மிதிங் ஸ்டோனால் +25 வரை போகும், சிறப்பு ஆயுதம் சோம்பர் கல்லால் +10 வரை. எல்லே தேவாலயத்து மேசையில் +3 வரைதான் முடியும், பிறகு ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் ஹ்யூக் என்ற கொல்லரிடம் போக வேண்டும். முழுக்கத் தீட்டிய வாளின் அடிப்படை வலு இரண்டு மடங்குக்கும் மேலாகும், ஸ்கேலிங்கும் உயரும். நானோ 60-ஆவது லெவலிலும் +6 உச்சிகடானா வாளை வைத்துக்கொண்டு, டெக்ஸ்டெரிட்டி போதவில்லையோ என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அரிவாளைத் தீட்டாமல் கையைக் குறை சொன்ன கதை.

இன்னொரு குறுக்குவழி தாயத்துகள். கேலிட் என்ற பகுதியின் ஃபோர்ட் ஃபரோத்தில் கிடைக்கும் ராடகனின் சோர்சீல் நான்கு குணங்களுக்கு ஐந்தைந்து புள்ளி கூட்டும். இருபது லெவல் சும்மா. ஆனால் வாங்கும் அடி 15 சதவீதம் கூடும். கந்துவட்டிக்கு வாங்கிய காசு மாதிரி, கைக்கு வரும்போது இனிக்கும்.

சரி, என் சாமுராய்க்கு வருவோம். ராயா லுகாரியா கலைக்கழகத்தில் ரெனாலாவை வென்ற பிறகு, லார்வல் டியர் என்ற பொருளைக் கொடுத்தால் அவள் உங்களை மறுபிறவி எடுக்கவைப்பாள். எல்லாப் புள்ளிகளையும் திரும்ப எடுத்துப் புதிதாகப் போடலாம். ஒரே நிபந்தனை, தொடக்க வகுப்பின் எண்களுக்குக் கீழே இறங்க முடியாது. சாமுராய் என்பதால் மைண்ட் 11, டெக்ஸ்டெரிட்டி 15, இன்டெலிஜென்ஸ் 9, ஃபெய்த் 8, ஆர்கேன் 8 என்று 51 புள்ளிகள் போன ஜென்மத்துக் கடனாக ஒட்டிக்கொண்டே வரும். பத்துத் தொடக்க வகுப்புகளில் எதை எடுக்கிறோம் என்பதன் உண்மையான விலை இதுதான். தொடக்கத்தில் தரும் கத்தியையும் கவசத்தையும் பார்த்து வகுப்பைத் தேர்ந்தால், நூறாவது லெவலிலும் அந்த முடிவு கூடவே வரும்.

மீதி 88 புள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க பென்சிலோடு உட்கார்ந்தேன். விகர் 40, எண்டியூரன்ஸ் 20, ஸ்ட்ரென்த் 28. மந்திரம், மூன்வெயில், ஹீல் எல்லாவற்றுக்கும் கும்பிடு. கேலிடில் ஒரு வண்டிக்குள் கிடந்த கிரேட்ஸ்வார்டை எடுத்துக்கொண்டேன். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பலகை, எடை 23. அதற்கு ஸ்ட்ரென்த் 31 வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆயுதத்தை இரண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரென்த் ஒன்றரை மடங்காகக் கணக்கில் சேரும். என் 28 அப்போது 42. இதே கணக்கில் 54 வைத்தால் 81 ஆகும், ஸ்ட்ரென்த்தில் வரத்து நன்றாகக் குறையத் தொடங்கும் 80-ஐத் தாண்டிவிடலாம். வேறெந்தக் குணத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது.

அன்று இரவு, முன்பு இரண்டு அடியில் என்னைப் படுக்கவைத்த அதே மாதிரி எதிரிகளிடம் போனேன். முதல் அடி வாங்கினேன். பட்டையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அடி விழுந்தபிறகும் நின்று, அவன் எப்போது வாளை இறக்குகிறான் என்று பார்க்க நேரம் கிடைத்தது. அதுவரை எந்தச் சண்டையிலும் நான் எதிரியின் கையைப் பார்த்ததே இல்லை, தப்பித்து ஓடியதுதான். பிறகு அந்த இரும்புப் பலகை மெதுவாக எழுந்து, மெதுவாக வந்து, ஒரே போடு. எதிரி தரையில். லெவல் அதே 60 தான். ஒரு எதிரியைக்கூடக் கூடுதலாகக் கொன்றிருக்கவில்லை.

2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பாகம் இந்தக் கணக்கின் மேல் இன்னொரு ஏணியைச் சாத்தியது. ஸ்கேடுட்ரீ துண்டுகளைத் தேடிச் சேர்த்தால், அந்த நிழல் தேசத்துக்குள் மட்டும் அடியும் தாங்கும் சக்தியும் 20 படி வரை ஏறும். 150-ஆவது லெவலில் மிதப்பாக உள்ளே போன என்னைப் போன்றவர்களை மறுபடி எல்.கே.ஜி.யில் உட்காரவைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. தேடி அலைந்தவனுக்குத்தான் வலு, பழைய ஊரில் ரூன் சேர்த்துவைத்தவனுக்கு இல்லை. தம்பிக்குப் பிடிக்கவில்லை. "நான் கஷ்டப்பட்டு ஏத்துன லெவலுக்கு மரியாதையே இல்லையாண்ணே?" என்று ஒரு வாரம் புலம்பினான்.

இப்போது அவன் ஃபெய்த் பில்டில் இரண்டாவது ஆளை வளர்க்கிறான். நேற்று போன் செய்தபோது விகர் எவ்வளவு என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.